அண்ணன் போட்ட வெடிகள்

அண்ணன் இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே வெடி போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள் இந்திராணி. திரையில் பச்சைக் கோடு ஒரு தடவை துள்ளி, நடுங்கி, பழையபடி படுத்துக்கொண்டது. சின்னதுதான். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது, பஜாரில் டீ ஆற்றுகிறவனுக்குத் தெரிந்திருக்காது. நிலையத்துக்குப் பின்னால் பாறையில் குழி வெட்டி இறக்கி வைத்திருக்கிற கருவிக்கு மட்டும்தான் இந்த மாதிரிச் சங்கதிகளெல்லாம் தெரியும். அதற்குப் பாம்புக் காது. மேட்டில் ஆடு மேய்ந்தால் எழுதும், துறையில் கப்பல் நங்கூரம் போட்டால் எழுதும், கடல் கொந்தளித்தால் நாள் முழுக்க விடாமல் எழுதும். எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. எழுதினதில் எது பூகம்பம், எது ஆடு என்று பிரித்துச் சொல்வதற்கு அரசாங்கம் இந்திராணிக்குச் சம்பளம் கொடுக்கிறது. அந்தமானில் இந்த வேலையை இருபது வருஷமாகப் பார்க்கிறாள். இப்போது கம்ப்யூட்டரும் ஒத்தாசைக்கு வந்துவிட்டது. பகல் வேளையில், சிப்பிக்குடாப் பக்கத்திலிருந்து, சின்னதாக ஒன்று வந்தால் அதுவே ‘குவாரி வெடியா?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். இவள் ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டினால் அந்தத் துள்ளல் பூகம்பக் கணக்கிலிருந்து கழிந்துபோகும். கணக்குக்கு அது குப்பை. இந்திராணிக்கு அப்படியில்லை. சிப்பிக்குடாக் கல்குவாரியில் பாறைக்குத் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்துகிறவன் அவளுடைய சொந்த அண்ணன் சாத்தையா. அவன் இவளோடு பேசி ஏழு வருஷம் ஆகிறது.

பேச்சுத்தான் இல்லையே தவிர, தினமும் ஆள் அனுப்பி விசாரிக்கிற மாதிரித்தான். மத்தியானம் கூலியாட்கள் சாப்பிடப் போன பிறகு ஒன்று, சாயங்காலம் கடைசி லாரி இறங்கின பிறகு ஒன்று. கோடு பெரிதாகத் துள்ளினால் அண்ணன் கை தாராளமாக இருக்கிறது, மனசும் அப்படித்தான் இருக்கும். சின்னதாகத் துள்ளினால் மருந்து தட்டுப்பாடு, இல்லையென்றால் வீட்டில் ஏதோ சடவு. ஒரு நாள் ஒன்றுமே வராவிட்டால் காய்ச்சல். மழைநாளாக இருந்தால் காய்ச்சல் இல்லை, மழை. இப்படியே வைத்துக்கொண்டாள். யாரும் கேட்டால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நாளாக வெடி கண்ட நேரத்தில் எல்லாம் வந்துகொண்டிருந்தது. போன வாரம் ஒரு நாள் காலையிலேயே வந்தது. சரி, மகள் ரித்திகாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வேலைக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். பிறந்த செய்தி காதில் விழுந்ததோடு சரி, ரித்திகாவை அவள் பார்த்ததில்லை. இரட்டைப் பின்னல் போடுகிற அளவுக்கு முடி இருக்குமா, அண்ணன் மாதிரிச் சப்பை மூக்கா, ஒன்றும் தெரியாது. அத்தை என்று ஒருத்தி இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. நேற்று மூன்று வந்தன. முதலாளி விரட்டுகிறான், பாவம், இந்த வயசில் எத்தனை துளைதான் போடுவான் என்று இவள் இங்கே உட்கார்ந்துகொண்டு அவனுக்காக அலுத்துக்கொண்டாள். இன்றைக்கு இது முதல். கைபோன போக்கில் மவுஸை எடுக்கப் போனாள்.

“மேடம், மவுஸத் தொட்டுராதீங்க. சந்தனம் இன்னும் காயல.”

ஷர்மிளா. சேலத்துக்காரி, வேலைக்குச் சேர்ந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கிண்ணமும் கையுமாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

“ஒரே ஒரு தட்டுத்தான்.”

“இன்னிக்கு எதையுமே தொடக்கூடாது மேடம். எங்க ஊர்ல தறிக்கே லீவு. நாளைக்கு விஜயதசமிக்கு எடுத்தாப் போதும். மெசின் பாட்டுக்கு ஓடட்டும், நம்ம கை படாம இருந்தாச் சரி.”

சரி என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாமே சரிதான். ஏழு வருஷமாக எதற்கும் அவள் மாட்டேன் என்று சொன்னதாக ஞாபகமில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கும், ஆனால் நம்முடைய உதடாக இருக்காது, கடித்தாலும் தெரியாது. அவளுக்கு அப்படி ஆகிப்போனது உதடு மட்டும் இல்லை. ஷர்மிளா ஒரு காகிதத் தட்டில் பொரியும் பொட்டுக்கடலையும் வைத்து, ஒரு துண்டு வெல்லமும் வைத்துக் கொண்டுவந்தாள். தின்றாள். வெல்லம் வெல்லமாக இருந்தது. வாசலில் யாரோ பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்டது, அதையும் கருவி எழுதியிருக்கும். தறிக்கே லீவு. நல்ல பழக்கம்தான். வருஷம் முழுக்க அடி வாங்குகிற தறிக்கு ஒரு நாள் சும்மா இருக்க வேண்டாமா. தறிக்கு லீவு, அரிவாளுக்கு லீவு, தையல் மிசினுக்கு லீவு, லாரிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள். வாய்க்குள் பொரி நமத்துக்கொண்டிருந்தது. தறிக்கு லீவு. இந்த வார்த்தை ஏன் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. விழுங்கிப் பார்த்தாள், போகவில்லை. தறிக்கு லீவு என்றால் உளிக்கும் லீவு, உளிக்கு லீவு என்றால் சம்மட்டிக்கும் லீவு, சம்மட்டிக்கு லீவு என்றால் துளை போடுகிற மிசினுக்கும் லீவு. அப்படியென்றால் அண்ணன் எதை வைத்து வெடி போட்டான்.

போட்டிருக்கவே மாட்டான். சாத்தையாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. கோயிலுக்குப் போகாதவன், திருநீறு பூசாதவன், ஆனால் ஆயுத பூசை என்றால் மட்டும் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். முதல் நாளே கம்ப்ரசரைக் கழுவுவான், உளிகளைப் பெரிசு சிறிசாக வரிசை கட்டுவான், சம்மட்டிக் காம்புக்கு எண்ணெய் போடுவான். வெடி மருந்துக் கிடங்கின் பூட்டுக்குப் பொட்டு, திரிச் சுருளுக்குப் பொட்டு. ஒரு தடவை, துறைமுக வேலைக்குக் கல் அவசரம் என்று ஓர் இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கி, ஒரே ஒரு வெடி போட்டுக் கொடு என்று கேட்டதற்கு, “இன்னிக்கு அது தூங்குதுங்க சார், எழுப்பக்கூடாது” என்று சொல்லி அந்த ஆளுக்கும் பொரி கொடுத்து அனுப்பிவிட்டான். இந்திராணி அப்போது அங்கே இருந்தாள், சிரித்தாள், மடியில் அண்ணனின் மூத்த பிள்ளை நேத்ரா உட்கார்ந்து இவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். வேறு யாராவது போட்டிருக்கலாம். புது ஆள் வந்திருக்கலாம். முதலாளி மாறியிருக்கலாம். மீன் பிடிக்கத் தோட்டா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ரோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மனசு வக்கீல் மாதிரி ஒவ்வொரு சாட்சியாகக் கூப்பிட்டுக்கொண்டே போயிற்று. ஒருத்தரும் ஒழுங்காகச் சாட்சி சொல்லவில்லை.

மவுஸை எடுத்தாள். சந்தனம் விரலில் ஈரமாக அப்பிக்கொண்டது. ஷர்மிளா அந்தப் பக்கம் ஜன்னலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. வெடிக்கும் பூகம்பத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு இவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வெடி என்றால் அது எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், அதனால் எந்தத் தீவில் இருக்கிற கருவியானாலும் கோடு முதலில் மேலே போகும். பூமிக்குள் பாறை வழுக்கினால் அப்படியில்லை, ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். ஒரு கருவியில் மேலே, இன்னொன்றில் கீழே. அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானைப் பார்க்க அரை நிமிஷம் போதும். சிப்பிக்குடா வெடிகளுக்கு அவள் அதைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, அடையாள அட்டையைக் காட்டு என்று யாராவது கேட்பார்களா. வடக்குத் தீவுக் கருவியின் கோட்டைத் திறந்தாள். கீழே. தெற்கில் மேலே. சரி, இது ஒன்றுதான் என்று பார்த்தால், நேற்று வந்த மூன்றும் அப்படி. முந்தாநாள் வந்ததும் அப்படி. ரித்திகாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து போட்டது என்று இவள் நினைத்த காலை வெடியும் அப்படித்தான், வடக்கே கீழே, தெற்கே மேலே. வெடிக்கு வராத இரண்டாவது அலை எல்லாவற்றிலும் கொழுத்துப்போய் நின்றது. பகலில் வந்ததெல்லாம் அண்ணன் என்று குப்பையில் போட்டிருக்கிறாள். இரவில் வந்தவற்றை மட்டும் பூகம்பம் என்று கணக்கில் ஏற்றியிருக்கிறாள். அவை தனியாகப் பார்க்கச் சாதாரணமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. குப்பையையும் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சிப்பிக்குடாவுக்குக் கீழே ஒரே இடத்தில், மழைக்கு முந்தின எறும்பு மாதிரி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்திருக்கிறது. பயம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. விரலில் இருந்த சந்தனம் காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது மட்டும்தான் தெரிந்தது.

ஆவணியில் கொஞ்ச நாள் ஒன்றுமே வரவில்லை, அது ஞாபகம் வந்தது. ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள், மழையும் இல்லை. காய்ச்சல் என்று வைத்தாள், காய்ச்சல் இவ்வளவு நாள் அடிக்குமா என்று யோசித்தாள். கை போய்விட்டதோ, கண் போய்விட்டதோ, திரி கொளுத்துகிறவர்களுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. விசாரிக்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனாள். பஞ்சவர்ணம் மதினியின் சித்தி மகன் அங்கே கருவாட்டுக் கடை வைத்திருக்கிறான். கடை முன்னால் நின்று நெத்திலி என்ன விலை என்று கேட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் இன்னும் கிடக்கிறது அந்தக் கருவாடு. பிறகு ஒரு மத்தியானம் கோடு துள்ளியது. சின்னத் துள்ளல், நோயில் கிடந்து எழுந்தவன் போட்ட மாதிரி மெலிசாக. வந்துவிட்டான், எழுந்து வேலைக்கு வந்துவிட்டான். அன்றைக்கு இரவு அவள் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள், தூங்கினாள். இத்தனை நாளாக அண்ணன் உடம்பு தேறி வருகிறது, கை பழையபடி தாராளமாகிறது என்று இவள் சந்தோஷப்பட்டதெல்லாம் எதைப் பார்த்து. பூமியின் அதிர்வு பெருத்துக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இந்த இடத்தில் சிரித்தாலும் சிரிக்கலாம், அழுதாலும் அழலாம். அவள் தட்டில் மிச்சமிருந்த பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள்.

நேத்ராவுக்கு அப்போது ஒன்றரை வயசு. அந்த வருஷமும் இதே மாதிரிச் சின்னச் சின்னதாக வந்தன, இடம்தான் கொஞ்சம் தள்ளி, கடலுக்குள். இந்திராணிக்கு அந்த நாளில் எல்லாமே உறைக்கும். மேலதிகாரி பேசாமல் இரு என்றார். இவளால் இருக்க முடியவில்லை. அண்ணே மேலே ஏறிருங்க, குன்றுக்குப் போயிருங்க என்று போன் போட்டாள். சுனாமியைப் பார்த்த ஊர், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சாத்தையா தார்ப்பாயைத் தூக்கினான், அதைப் பார்த்து அடுத்த வீடு தூக்கியது, பொழுது சாய்வதற்குள் சிப்பிக்குடா முழுக்கக் குன்றின் மேல். மழை ஊற்றியது. மூன்று இரவு, ஈர மண்ணில், பாய்க்குக் கீழே தண்ணீர் ஓட. பூமி அசையவே இல்லை. நான்காம் நாள் புலி வருது புலி வருது என்று இவளைக் கேலி பேசிக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள். பிள்ளைக்கு மட்டும் சளி. சளிதானே என்றார்கள். பிறகு நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அன்றைக்குக் கடல் சரியில்லை என்று படகை எடுக்கவில்லை. துக்கத்துக்கு இவள் போனபோது பஞ்சவர்ணம் மதினி திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசலில் இவளைப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன், அவள் சாத்தின கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான், அவனும் இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்குப் போட்ட ஊசிதான், இன்னும் இறங்கவில்லை.

இப்போது எதைச் சொல்வது. சின்னது வந்தால் பெரியது வரும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நூறு இடத்தில் இப்படிக் கூடும், தொண்ணூற்றுச் சொச்சம் இடத்தில் தானாகவே கலைந்துபோகும். பெரியது வந்த பிறகு திரும்பிப் பார்த்துத்தான் இவையெல்லாம் முன்னால் வந்த அறிகுறி என்று பெயர் வைக்க முடியும். வராவிட்டால் பெயரே கிடையாது. குப்பையில் கிடந்தவற்றையெல்லாம் எடுத்துப் பூகம்பக் கணக்கில் சேர்த்து, கடல் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள். தவறாக வெடி என்று கழித்தது நான்தான் என்று கீழே எழுதினாள், எழுதும்போது கூட மனசை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் பார்ப்பார்கள், தொடர்ந்து கவனிக்கவும் என்று பதில் போடுவார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அதோடு இவள் கடமை முடிந்தது. சும்மா கிடந்த சங்கை ஒரு தடவை ஊதிக் கெடுத்தது போதாதா. ஊதாவிட்டால்? அண்ணன் வீடு அலை தொடுகிற தூரத்தில் இருக்கிறது. சுனாமி அடித்துக்கொண்டு போன இடத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறான், எங்கள் மண் என்று. செங்கல் சுவர், மேலே தகரம், உள்ளே பார்த்திராத ஒரு பிள்ளை. ஊதினால்? அந்தப் பிள்ளை குன்றின் மேல், மழையில். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். நினைப்பு செக்கு மாடு மாதிரி அதே வட்டத்தில் சுற்றியது. போகப்போக எந்தப் பக்கம் எது என்று கூடக் குழம்பிப்போனது. அண்ணனிடம் மட்டும் சொல்வது என்றும் ஒன்று கிடையாது. அவன் தார்ப்பாயைத் தூக்கினால் குடாவே பார்க்கும். கேள்வி மட்டும் கேட்கலாம் என்று தோன்றியது. வெடி போட்டாயா என்று ஒரு வார்த்தை. போட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால் போனை வைத்துவிடலாம். அவன் போட்டிருக்க மாட்டான் என்று தெரிந்திருந்தும் அவன் போட்டேன் என்று சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டாள். எண் அழிக்கப்படாமல்தான் இருந்தது. வராந்தாவுக்குப் போய் நின்று அழுத்தினாள்.

“யாரு?”

“நாந்தாண்ணே.”

வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“சொல்லுத்தா.”

“ஒண்ணுமில்ல. இன்னிக்குக் குவாரில வெடி போட்டியாண்ணே?”

“குவாரியா? அது ஆவணியிலயே மூடியாச்சே. காட்டிலாகாக் கேசு. நான் இப்ப படகு ஜெட்டிகிட்ட ஐஸ் பேக்டரில வேலைக்குப் போறேன். ஆனா வெடிச் சத்தம் கேக்குது. நாங்களும் கேட்டோம். ராத்திரில கூட. முதலாளி திருட்டுத்தனமா ஆளு வச்சுப் போடுறான்னு இங்க பேசிக்கிட்டாங்க. ஏன் கேக்குற?”

“அது வெடி இல்லண்ணே. கீழ அதிருது. நான் இவ்வளவு நாளா நீ போடுறதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“நான் போடுறது ஒனக்கு எப்படித் தெரியும்?”

“இங்க கோடு எழுதும். தினமும் பாப்பேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

பக்கத்தில் ஒரு சிறுபிள்ளை ஏதோ பாட்டை முதல் வரியோடு நிறுத்தி நிறுத்திப் பாடிக்கொண்டிருந்தது. ரித்திகாவின் குரல் இப்படியா இருக்கும், கொஞ்சம் கட்டைக் குரல்.

“பெருசு வருமா?” என்றான்.

“தெரியாது. வராமயும் போகலாம். போன தடவை மாதிரி.”

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் பொய்யாகிவிடும் என்று பட்டது.

“நீ ஒன் மதினிகிட்டயே சொல்லு. நான் சொன்னா வரமாட்டா.”

போன் கைமாறியது. பஞ்சவர்ணத்தின் குரல் ஏழு வருஷத்தில் மாறவே இல்லை. நலமா என்று கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை.

“என்னமாம்?”

இந்திராணி சொன்னாள். அதிர்வு கூடிக்கொண்டு வருவதைச் சொன்னாள், எப்போது என்று தெரியாது என்றாள், வருமா என்பதே தெரியாது என்றாள். பாடத்தை ஒப்பிக்கிற மாதிரித்தான் சொன்னாள், அவளுக்கே கேட்டது.

“எத்தன நாளைக்கு மேல கெடக்கணும்?”

“அதும் தெரியல மதினி.”

“போன தடவையும் தெரியலன்னுதான் சொன்ன.”

“ஆமா.”

பாட்டு நின்றுவிட்டது. பஞ்சவர்ணம் போனை முகத்திலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு யாரிடமோ, அந்த நீலக் கம்பளிய எடு, அதில்ல, பெட்டிக்குள்ள கெடக்கும் பாரு, காதுக்குக் கட்டுற துணியும் எடு, என்று சொல்வது கேட்டது. பிறகு திரும்ப வந்தாள்.

“இந்தத் தடவ எம்பிள்ளைய நான் கீழ எறக்கிவிட மாட்டேன். மடியிலயேதான் வச்சிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இந்திராணி வராந்தாவிலேயே நின்றாள். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, இந்த மாசத்தில் கறுக்காவிட்டால்தான் ஆச்சரியம். குன்றின் மேல் அவர்கள் ஏறுவது அவள் கண்ணுக்குள் தெரிந்தது, அண்ணன் தார்ப்பாயோடு, மதினி பிள்ளையோடு, பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய கேலியோடும் பயத்தோடும். மழை பெய்யக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அது சுலபமாக வந்தது. அடுத்து, பூமி அசையக்கூடாது என்று வேண்ட வேண்டும், யாராயிருந்தாலும் அதைத்தான் வேண்டுவார்கள். வாயைத் திறந்தாள். வரவில்லை. அசையாவிட்டால் அவர்கள் நாலு நாள் கழித்து இறங்கி வருவார்கள். நனைந்த கம்பளி, பிள்ளையின் மூக்கில் சளி, பஞ்சவர்ணம் எழுந்து உள்ளே போய்ச் சாத்துகிற கதவு. அசைந்துவிட்டால் வீடு போகும், பேக்டரி போகும், குன்றுக்கு ஏறாதவர்கள் எத்தனை பேரோ போவார்கள், ஆனால் அவர்கள் மேலே இருப்பார்கள், இவள் சொன்னது சரியாக இருக்கும், அண்ணன் பேசுவான். வந்துவிடட்டும் என்று கேட்டது உள்ளே ஒன்று. தெளிவாகத்தான் கேட்டது, அவளுடைய சொந்தக் குரலில், கடையில் சாமான் கேட்கிற மாதிரி. இந்தத் தடவை வந்துவிடட்டும். யார் வீட்டுக் கூரை யார் தலையில் விழவேண்டும் என்று இவள் கேட்கிறாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடத் தொடங்கின. வராந்தாக் கம்பியைப் பிடித்தாள், கம்பியும் சேர்ந்து ஆடியது. ஒரு கணம், அது வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பிடியை விட்டாள், கம்பி நின்றது. ஆடினது அவள் மட்டும்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது, அவளைப் பார்த்தே பயமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.